ஜப்பானியக் கைவினையும் மேற்கின் தாக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியக் கலைப்பொருட்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. பாதிப்பேர் "மேற்கு வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டது" என்கிறார்கள். மீதிப்பேர் "ஜப்பான்காரங்க தங்களோடதை கொஞ்சமும் விட்டுக்கொடுக்கலை" என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. அன்றைய கைவினைஞர்கள் பிழைப்புக்காகவும் தொழில்மீது இருந்த ஆசையாலும் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று ஒவ்வொரு தொழிலாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது, ஏனென்றால் ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை.

மெய்ஜி காலம், மெய்ஜி காலம்னு சொல்றீங்களே, அது எப்போ?

1868 முதல் 1912 வரை. அதற்கு முந்தைய இரண்டரை நூற்றாண்டு தொகுகாவா குடும்பத்து ஷோகன்களின், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர்களின் ஆட்சி. அதை எடோ காலம் என்பார்கள். 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் உராகா கடற்கரைக்கு வந்து நின்றன. 1859-ல் யோகோஹாமா துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. 1868-ல் ஷோகன் ஆட்சி முடிந்து, பேரரசர் மெய்ஜியின் பெயரில் புதிய அரசு வந்தது.

கைவினைக்காரர்களைப் பொறுத்தவரை இவற்றைவிடப் பெரிய ஆண்டு 1871. டைம்யோக்கள் எனப்படும் பிரபுக்கள் ஆண்ட பகுதிகள் அந்த ஆண்டு கலைக்கப்பட்டு மாவட்டங்களாயின. அரக்குப் பெட்டி, வாள் உறை, தேநீர்க் கோப்பை, பட்டு உடை என்று தலைமுறை தலைமுறையாக வாங்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் சில ஆண்டுகளில் காணாமல் போனார்கள். பின்னால் வரும் பதில்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதுவரைக்கும் ஜப்பான் கதவைப் பூட்டிக்கிட்டு இருந்துச்சு, வெளிநாட்டுப் பொருளே உள்ளே வரலை, சரிதானே?

முழுக்கச் சரியில்லை. நாகசாகியில் டச்சு வணிகர்களும் சீன வணிகர்களும் வந்துபோனார்கள். அவர்கள் வழியாக நூல்கள், கண்ணாடி, சாயம் எல்லாம் வந்தன. 1740-களிலேயே ஒகுமுரா மசநோபு போன்றவர்கள் மேற்கத்திய தூரக்காட்சி முறையில் (தூரத்தில் இருப்பதைச் சின்னதாகக் காட்டி ஆழம் வரவைக்கும் முறை) மர அச்சுப் படங்கள் போட்டார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஓவியர் ஹொகுசாயின் பேரலை. ஃபூஜி மலைக் காட்சிகள் வரிசையில் 1830-ஐ ஒட்டி வந்த அந்தப் படத்தை "அசல் ஜப்பான்" என்று சட்டையிலும் கோப்பையிலும் அச்சடித்து விற்கிறார்கள். அதன் ஆழ்ந்த நீலம் பிரஷ்யன் நீலம். பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை நிறமி. மலை அவ்வளவு சின்னதாகத் தூரத்தில் தெரிவதும் ஐரோப்பியத் தூரக்காட்சி முறையிலிருந்து வந்தது. இதனால் ஹொகுசாயின் பெருமை குறையாது. கைக்கு வந்த நிறத்தை வைத்து இப்படி ஓர் அலையை எழுப்பியது அவர்தான்.

வாளுக்குத் தடை போட்டாங்களே, அந்தக் கொல்லர்கள் எல்லாம் என்ன ஆனாங்க?

1876-ல் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. வாள் அடிக்கும் கொல்லர்களில் பலர் கத்தி, கத்தரிக்கோல், வேளாண் கருவிகள் செய்யப் போனார்கள். கஸ்ஸான் சதகாசு போன்ற ஒருசிலர் வாள் அடிப்பதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

வாளின் கைக்காப்புத் தட்டு, பிடி அலங்காரம் ஆகியவற்றைச் செதுக்கியவர்கள் கதை வேறு. இவர்கள் நுண்ணிய உலோக வேலைக்காரர்கள். செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து, ரசாயனக் குளியலில் கொதிக்கவைத்து, நாவல்பழத் தோல் போன்ற கருநீலம் வரவைக்கும் ஷகுடோ என்ற கலவை இவர்கள் கைவசம் இருந்தது. ஐரோப்பாவில் இதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அப்படியே அந்தக் கைகள் பூச்சாடிக்கும் தட்டுக்கும் சிற்பத்துக்கும் திரும்பின. கானோ நத்சுவோ என்ற வாள் அலங்காரக் கலைஞர்தான் புதிய அரசின் நாணயங்களில் இருந்த டிராகனை வடிவமைத்தார். ஒசாகா நாணயச்சாலை 1871-ல் திறந்தது. அதாவது தடை வருவதற்கு முன்பே இந்த மாற்றம் தொடங்கிவிட்டது.

இந்த உலோக வேலை எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க, சுசுகி சோகிச்சியின் பன்னிரண்டு பருந்துகளைப் பார்க்க வேண்டும். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காக, பாரிஸில் கடை வைத்திருந்த ஹயாஷி ததமசா என்ற வணிகர் ஏற்பாடு செய்தது. பன்னிரண்டு வேட்டைப் பறவைகள், ஒவ்வொன்றும் அரக்குப் பூசிய தண்டின்மேல், ஒவ்வொன்றும் வேறு நிலையில். ஒன்று கீழே குனிந்து பார்க்கிறது, இன்னொன்று சிறகை விரிக்கிறது. வெண்கலத்தோடு தங்கம், வெள்ளி, ஷகுடோ எல்லாம் சேர்த்து இறகின் ஒவ்வொரு கோடும் தனியாகத் தெரியும்படி வேலை. பருந்து வளர்ப்பது பிரபுக்களின் பொழுதுபோக்கு, பொருள் பழையது. கண்காட்சி மண்டபத்தில் தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணை இழுக்க வேண்டும் என்ற எண்ணம் புதியது.

அரசாங்கத்துக்குக் கைவினை மேல திடீர்னு ஏன் அவ்வளவு அக்கறை?

பணம். ரயில், பீரங்கி, இயந்திரம் எல்லாம் வெளிநாட்டில் வாங்க வேண்டியிருந்தது. விற்க ஜப்பானிடம் இருந்தவை பட்டு, தேயிலை, அதற்கடுத்துக் கைவினை. 1867 பாரிஸ் கண்காட்சிக்கு ஷோகன் அரசும் சட்சுமா, சாகா பகுதிகளும் தனித்தனியாகப் போயிருந்தன. புதிய அரசு முறைப்படி கலந்துகொண்ட முதல் உலகக் கண்காட்சி 1873-ல் வியன்னாவில் நடந்தது. அங்கே ஜப்பானியப் பொருட்களுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்ததும், இது வியாபாரமாகும் என்று அதிகாரிகளுக்குத் தெளிவாகிவிட்டது.

1874-ல் கிரியூ கோஷோ கைஷா என்ற ஏற்றுமதி நிறுவனம் அரசின் ஆதரவோடு தொடங்கியது. நியூயார்க்கிலும் பாரிஸிலும் கிளைகள் வைத்தது. மேல்நாட்டுச் சந்தைக்கு எது எடுபடும் என்று அரசே ஓவியர்களைக் கொண்டு மாதிரிப் படங்கள் வரையவைத்துப் பட்டறைகளுக்குக் கொடுத்தது. உள்நாட்டிலும் 1877-ல் உவெனோவில் முதல் தொழில் கண்காட்சி நடந்தது. ஒரு சாடியின் உருவத்தை அதிகாரியும் வணிகரும் சேர்ந்து முடிவு செய்வது இந்தக் காலத்தில்தான் வழக்கமானது. மேற்கின் தாக்கம் என்றால் எல்லோரும் பாணியைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், யாருக்காகச் செய்வது, யார் விலை சொல்வது என்பது மாறியதுதான் அதைவிடப் பெரிய மாற்றம்.

வெள்ளைக்காரங்க வந்து சொல்லிக்கொடுத்தாங்களா, இவங்களே கத்துக்கிட்டாங்களா?

இரண்டும் நடந்தன. சொல்லிக்கொடுத்தவர்களில் கைவினைக்கு மிக நெருக்கமானவர் காட்ஃப்ரீட் வாக்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர். 1868-ல் நாகசாகிக்கு வந்தார். 1870-ல் பீங்கானுக்குப் பேர்போன அரிதாவுக்குப் போய் நிலக்கரிச் சூளையையும் செயற்கைக் கோபால்ட் நீலத்தையும் அறிமுகப்படுத்தினார். வியன்னா கண்காட்சிக்கு ஆலோசகராக இருந்தார். பிறகு டோக்கியோ, கியோட்டோ என்று பல இடங்களில் வேலை செய்து, 1892-ல் ஜப்பானிலேயே இறந்தார்.

அவர் கற்றுத்தந்தது பெரும்பாலும் வேதியியல்: எந்த வெப்பத்தில் எந்த நிறம் நிற்கும், மெருகு (பாண்டத்தின்மேல் சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) ஏன் வெடிக்கிறது, ஒரே நிறத்தை மறுபடி மறுபடி எப்படி வரவைப்பது. தூரிகை பிடிக்கவோ களிமண் திருகவோ அரிதாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நிஷிஜின் பட்டு கையால நெய்யறதுனு பெருமையா சொல்றாங்க, ஆனா தறி ஜக்கார்டு தறியாமே?

ஆமாம். அதைச் சொல்லிக்கொள்ள நிஷிஜின்காரர்களும் தயங்குவதில்லை. 1869-ல் பேரரசர் டோக்கியோவுக்குப் போனதும் கியோட்டோ தலைநகர் என்ற நிலையை இழந்தது. அரண்மனையை நம்பியிருந்த, கியோட்டோவின் நெசவு வட்டாரமான நிஷிஜினின் நெசவாளர்களுக்கு அது பெரிய அடி. கியோட்டோ நிர்வாகம் 1872-ல் சகுரா த்சுனேஷிச்சி, இனோவே இஹேய், யோஷிதா சூஷிச்சி ஆகிய மூவரைப் பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பியது. லியோன் அப்போது ஐரோப்பாவின் பட்டு நகரம். சகுராவும் இனோவேயும் 1873-ல் ஜக்கார்டுப் பொறியையும், கயிற்றை இழுத்தால் நாடா தானே பாயும் அமைப்பையும் கொண்டுவந்தார்கள். 1877-ல் அராகி கோஹேய் என்ற உள்ளூர்த் தச்சுக் கைவினைஞர் அந்தப் பொறியைப் பார்த்து மரத்திலேயே ஒன்று செய்துவிட்டார். அதன்பின் விலை குறைந்து மற்றவர்களுக்கும் எட்டியது.

பழைய தறி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை தெரியும். தறியின் உச்சியில் ஒருவர் ஏறி உட்கார்ந்துகொள்வார். கீழே நெய்பவர் ஒவ்வொரு ஊடையும் போடும் முன், மேலே இருப்பவர் அந்த வரிக்கு எந்தெந்தப் பாவு நூல் தூக்க வேண்டுமோ அந்தக் கயிறுகளைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு கயிறு தப்பினால் பூ இதழ் ஒன்று சிதையும். நாள் முழுக்க இரண்டு பேர் ஒரே தாளத்தில் வேலை செய்ய வேண்டும். ஜக்கார்டில் அந்தக் கயிறு இழுப்பவரின் வேலையைத் துளையிட்ட அட்டைகள் செய்கின்றன. கீழே உட்கார்ந்து நெய்பவர், அவர் பட்டு, அவர் கை, அவர் கண் எல்லாம் அப்படியே இருந்தன.

மேலே உட்கார்ந்தவருக்கு வேலை போனது உண்மை. தொழில் பிழைத்ததும் உண்மை. புதிய தறி இல்லாமல் நிஷிஜின் அடுத்த தலைமுறையைப் பார்த்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வியன்னாவுக்குப் போன பொருட்கள் கடல்ல மூழ்கிடுச்சுனு கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம். கண்காட்சி முடிந்து திரும்பிய பொருட்களில் ஒரு பகுதியை ஏற்றிவந்த பிரெஞ்சுக் கப்பல் நீல், 1874 மார்ச்சில் ஈசு தீபகற்பத்துக்கு அருகே மூழ்கியது. கோயில்களிலும் பழைய குடும்பங்களிலும் இரவலாக வாங்கிப்போன தொன்மையான பொருட்களும் அதில் இருந்தன. லியோனில் கூடுதல் காலம் தங்கிப் படித்துவிட்டு ஊர் திரும்பிய யோஷிதா சூஷிச்சியும் அந்தக் கப்பலில்தான் இருந்தார். மேலே சொன்ன மூவரில் அவர் மட்டும் வீடு திரும்பவில்லை.

ஓராண்டுக்கும் மேல் கடலடியில் கிடந்து மீட்கப்பட்ட பொருட்களில் சில அரக்குப் பொருட்கள் பெரிய சேதமில்லாமல் வந்தன. உருஷி மரத்தின் பாலை மெல்லிய படலங்களாகப் பூசி, ஈரக்காற்றில் இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசிச் செய்த வேலை அது. உப்புநீரில் அவ்வளவு நாள் கிடந்தும் தாங்கியது.

ஷிப்போ எனாமல் வேலை சீனாவோடதுதானே? அதை ஏன் ஜப்பானியம்னு சொல்றாங்க?

மூலம் அங்கேதான். ஜப்பானிலும் பழங்காலத்தில் கொஞ்சம் எனாமல் வேலை இருந்தது. ஆனால் பெரிதாக வளரவில்லை. 1830-களில் நகோயா பக்கத்தைச் சேர்ந்த காஜி த்சுனேகிச்சி, கடல்வழி வந்த ஒரு எனாமல் பாத்திரத்தை வாங்கி, அதை உடைத்துப் பார்த்தே செய்முறையைக் கண்டுபிடித்தார். அவரிடமிருந்து பரவியதுதான் நகோயா வட்டாரத்து ஷிப்போ தொழில்.

மெய்ஜி காலத்தில் இது எட்டிய உயரத்தைப் பார்த்தால் மூலம் எது என்ற கேள்வி பின்னால் போய்விடும். செம்புக் கலத்தின்மேல் முடி போன்ற கம்பிகளை வளைத்து ஒட்டி, இடையில் கண்ணாடிப் பொடிக் குழம்பை நிரப்பி, சுட்டு, அது உள்வாங்கியதும் மறுபடி நிரப்பி, மறுபடி சுட்டு, கடைசியில் கல்லால் தேய்த்துப் பளபளக்க வைப்பார்கள். வாக்னரும் அவரோடு வேலை செய்த கைவினைஞர்களும் எனாமலை மேம்படுத்தியதால் மங்கலான நிறங்கள் போய்த் தெளிந்த நிறங்கள் வந்தன. கியோட்டோவின் நமிகாவா யசுயுகி கம்பியை வைத்தே வரைந்தார். ஆழ்ந்த கறுப்புப் பின்னணியில் ஒரு பட்டாம்பூச்சியின் உணர்கொம்புகூட கம்பிதான். கம்பியின் தடிமன் கூடிக் குறைவதால் தூரிகைக் கோடு போலவே தெரியும். டோக்கியோவின் நமிகாவா சோசுகே இதற்கு நேரெதிர். கம்பியை எடுத்துவிட்டு நிறங்களை ஒன்றோடொன்று கலக்கவிட்டார். பார்த்தால் மையில் வரைந்த ஓவியம் என்றே நினைப்போம். இருவரும் உறவினர் கிடையாது. குடும்பப் பெயர் மட்டும் ஒன்று.

டோக்கியோ அகசாகா அரண்மனையில் ஒரு விருந்து அறை முழுக்க சோசுகேயின் எனாமல் தகடுகள், மொத்தம் 30, பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பறவைகளும் பூக்களும் வரைந்து கொடுத்தவர் வதனபே சேய்தேய், 1878-ல் பாரிஸ் போய்வந்த ஓவியர். 1909-ல் முடிந்த அந்தக் கட்டடமோ முழுக்க ஐரோப்பியப் பாணி.

ஏற்றுமதிக்குச் செஞ்சதெல்லாம் மட்டமான சரக்குதானே? வெளிநாட்டுக்காரன் கண்ணுக்கு மினுமினுன்னு?

கொஞ்சம் உண்மை உண்டு, குறிப்பாக சட்சுமா பாண்டங்களில். 1867 பாரிஸில் அவை பேர் வாங்கியதும் தேவை எகிறியது. தெற்கே சட்சுமாவில் செய்தது போதாமல், கியோட்டோவின் அவாதா, ஒசாகா, யோகோஹாமா, டோக்கியோ என்று எல்லா இடத்திலும் "சட்சுமா" செய்தார்கள். தங்கத்தைக் கண்டபடி அப்பி, ஒரு விரற்கடை இடமும் விடாமல் நிரப்பிய சாடிகள் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. அவற்றில் பல எனக்கும் பிடிக்காது.

ஆனால் அதே சந்தைக்காகத்தான் ஒசாகாவின் யபு மெய்சான் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் ஊர்வலம் போகும் கூட்டத்தை முகம் முகமாக வரையவைத்தார். அதே சந்தைக்காகத்தான் மியகாவா கோசான் கியோட்டோவை விட்டு யோகோஹாமாவுக்குக் குடிபெயர்ந்து மகுசு பட்டறையைத் தொடங்கினார். அவருடைய 1881-ம் ஆண்டுக் கிண்ணம் ஒன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுப்பு மெருகு வழியும் கரடுமுரடான பெரிய கிண்ணம். விளிம்பில் இரண்டு நண்டுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஓட்டின் சொரசொரப்பு, காலின் மடிப்பு எல்லாம் களிமண்தான். பிறகு வாங்குபவர்களின் ரசனை மாறியதும் கோசான் இந்தப் புடைப்பு வேலையை விட்டுவிட்டு, மெருகுக்கு அடியில் மென்மையாக நிறம் பரவும் பீங்கானுக்கு மாறி அதிலும் உச்சம் தொட்டார். சந்தைக்காகச் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கினால் இவரையும் சேர்த்து ஒதுக்க வேண்டிவரும்.

கிமோனோ சாயமாவது இயற்கைச் சாயமா இருந்துச்சா?

மெய்ஜிக்குப் பிறகு பெரும்பாலும் இல்லை. 1856-ல் இங்கிலாந்தில் பெர்கின் கண்டுபிடித்த நிலக்கரித்தார்ச் சாயமும் அதன் வழிவந்தவையும் ஜப்பானுக்குச் சீக்கிரமே வந்தன. கியோட்டோவின் ஹிரோசே ஜிசுகே, செயற்கைச் சாயத்தை அரிசிப் பசையில் கலந்து, வெட்டிய காகித அச்சின் வழியே பட்டில் தேய்க்கும் முறையை உருவாக்கினார். அதுவரை யூசென் பட்டு என்றால் கையால் வரைய வேண்டும், பணக்காரர்களுக்கே கட்டுப்படியாகும். இதன்பின் நடுத்தரக் குடும்பத்துப் பெண்களும் பூப்போட்ட பட்டு உடுத்த முடிந்தது. இன்று நாம் "பாரம்பரிய கிமோனோ" என்று படத்தில் பார்க்கும் பளிச்சென்ற நிறங்கள் பல இந்தக் கதையில் பிறந்தவை.

அவுரி விவசாயிகளுக்கு இது நல்ல செய்தியாக அமையவில்லை. ஷிகோகு தீவின் அவா வட்டாரம் அவுரிக்குப் பேர்போனது. முதலில் இந்திய அவுரி மலிவாக வந்து போட்டி போட்டது. 1897-ல் ஜெர்மனியில் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபிறகு இரண்டு நாட்டு விவசாயிகளும் சேர்ந்தே அடிவாங்கினார்கள்.

அப்போ இழப்புனு எதுவுமே இல்லைங்கிறீங்களா?

நிறைய இருக்கிறது. சட்சுமாவின் பிரபு ஷிமாசு நரியகிரா 1850-களில் ஐரோப்பியக் கண்ணாடியைப் பார்த்துத் தொடங்கியது சட்சுமா கிரிகோ என்ற வெட்டுக் கண்ணாடி. 1858-ல் அவர் இறந்தார். 1863-ல் பிரிட்டிஷ் கப்பல்கள் சட்சுமாவின் தலைநகரான ககோஷிமாவைக் குண்டுவீசித் தாக்கியபோது தொழிற்கூடம் எரிந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கலையே நின்றுபோனது. 1980-களில் பழைய பொருட்களைப் பார்த்துத்தான் மறுபடி உயிர்ப்பித்தார்கள். மேற்கைப் பார்த்துப் பிறந்த கலை மேற்கின் குண்டில் அழிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

மர அச்சுப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படமும் கல்லச்சும் செய்தித்தாளும் வந்தபின் அவற்றுக்கு இருந்த வேலை போய்விட்டது. கோபயாஷி கியோசிகா 1876 முதல் வாயு விளக்கும் அந்தி வெளிச்சமும் விழும் டோக்கியோ தெருக்களை வரைந்து புது வழி தேடினார். ஆனாலும் செதுக்குபவர், அச்சடிப்பவர், பதிப்பாளர் என்ற அந்தக் கூட்டமைப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. 1915 வாக்கில் வதனபே ஷோசபுரோ என்ற பதிப்பாளர் அதை மறுபடி கட்டியெழுப்பினார். கவாசே ஹசுயியின் மழைக்காட்சிகள் அந்தப் பதிப்பகத்திலிருந்து வந்தவை.

எல்லா இழப்புக்கும் மேற்கைக் குற்றம் சொல்லவும் முடியாது. 1868-க்குப் பின் ஷிந்தோவையும் பௌத்தத்தையும் அரசு பிரித்தபோது எழுந்த பௌத்த எதிர்ப்பு அலையில் ஏராளமான கோயில்களும் சிலைகளும் அழிந்தன. அது உள்நாட்டு வேலை. புத்தர் சிலை செதுக்கிக்கொண்டிருந்த தகாமுரா கோவுன் பட்டினி நிலைக்கு வந்தது அதனால்தான். பிறகு உயிருள்ள விலங்குகளைக் கவனித்துச் செதுக்கத் தொடங்கி, சிகாகோ கண்காட்சிக்குக் கிழட்டுக் குரங்கு ஒன்றை அனுப்பினார். கழுகு தப்பிப்போய்விட்டது, குரங்கின் கையில் இறகு மட்டும் மிச்சம், அது வானத்தை முறைத்துக்கொண்டிருக்கிறது. சுசுகியின் பருந்துகள் போன அதே கண்காட்சி.

ஓவியத்துல முதல்ல மேற்கத்திய முறையைச் சொல்லிக்கொடுத்துட்டு, அப்புறம் அதையே ஏன் ஒதுக்கினாங்க?

1876-ல் தொழில்துறை அமைச்சகம் ஒரு கலைப்பள்ளி தொடங்கி, இத்தாலியிலிருந்து ஓவியர் ஃபொன்தனேசியையும் சிற்பி ரகூசாவையும் வரவழைத்தது. நோக்கம் நடைமுறைத் தேவை: வரைபடம், கட்டடம், தொழில். 1883-ல் அது மூடப்பட்டது. பணத் தட்டுப்பாடு ஒரு காரணம். காற்று திசை மாறியது இன்னொன்று.

அந்தக் காற்றை மாற்றியவர்களில் ஒருவர் அமெரிக்கர் என்பதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். எர்னஸ்ட் ஃபெனொலோசா 1878-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்க வந்தார். 1882-ல் ஒரு சொற்பொழிவில் ஜப்பானிய ஓவியம் எண்ணெய் வண்ண ஓவியத்தைவிட உயர்ந்தது என்று வாதிட்டார். அவரும் மாணவர் ஒககுரா ககுசோவும் சேர்ந்து உழைத்ததில் டோக்கியோ கலைப்பள்ளி உருவாகி 1889-ல் வகுப்புகள் தொடங்கின. தொடக்கத்தில் அங்கே மேற்கத்திய ஓவியத் துறையே கிடையாது. 1896-ல் குரோதா செய்கியின் தலைமையில் வந்தது.

அப்போ நிஹோங்காங்கிற ஜப்பானிய ஓவியம் சுத்தமான பாரம்பரியம்தானே?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே சிக்கலான கேள்வி. கானோ ஹோகாயின் கடைசி ஓவியமான 1888-ன் கருணைத் தாய் கன்னோனைப் பாருங்கள். பொருள் பௌத்தம், கோடு கானோ என்ற பழைய ஜப்பானிய ஓவியப் பள்ளியின் மரபு. ஆனால் அதில் மேற்கத்திய நிறமிகள் கலந்திருக்கின்றன. உருவங்களைச் சுற்றி ஆழமும் ஒளியும் இருக்கின்றன. அடுத்த தலைமுறையில் யோகோயாமா தைகானும் ஹிஷிதா ஷுன்சோவும் கோட்டையே விட்டுவிட்டு, காற்றும் மூடுபனியும் தெரிய நிறத்தைப் பரவவிட்டார்கள். அன்றைய விமர்சகர்கள் கலங்கல் பாணி என்று திட்டினார்கள். மேற்கை மறுக்கப் பிறந்த ஓவிய வகை மேற்கின் கேள்விகளை உள்ளே வைத்துக்கொண்டேதான் வளர்ந்தது.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஒககுரா 1901-02-ல் இந்தியாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தோடு பழகினார். 1903-ல் தைகானும் ஷுன்சோவும் கல்கத்தா வந்தார்கள். தைகான் தாளை நனைத்து நிறத்தைப் பரவவிடும் விதத்தைப் பார்த்து அவனீந்திரநாத் தாகூர் தன் நீர்வண்ண முறையை அமைத்துக்கொண்டார். அவனீந்திரநாத்திடம் படித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-ல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது.

ஜப்பான் மட்டும்தான் எடுத்துச்சா? மேற்கும் ஜப்பான்கிட்ட இருந்து எடுத்ததே?

எடுத்தது, அதுவும் தாராளமாக. சுவையான கட்டம் 1900 பாரிஸ் கண்காட்சி. அங்கே போன ஜப்பானியப் பொருட்களின் கைத்திறனைப் புகழ்ந்தவர்கள் வடிவமைப்பு பழசாகிவிட்டது என்றார்கள். பக்கத்திலேயே ஆர்ட் நூவோ என்ற அன்றைய புது ஐரோப்பியப் பாணிப் பொருட்கள். அவற்றின் வளைகோடுகளுக்கும் வெற்றிடத்துக்கும் ஜப்பானிய அச்சுப்படங்கள் ஒரு முக்கியமான ஊற்று. அப்போது பாரிஸில் இருந்த அசாய் சூ, ஃபொன்தனேசியின் பழைய மாணவர், ஊர் திரும்பி 1902-ல் தொடங்கிய கியோட்டோ உயர் கைவினைப் பள்ளியில் வடிவமைப்பு கற்பித்தார்.

கியோட்டோவின் காமிசகா செக்கா 1901-ல் கிளாஸ்கோ கண்காட்சிக்குப் போனார். ஐரோப்பியர் எதைக் கண்டு மயங்கினார்கள் என்று பார்த்தவர், திரும்பிவந்து ரின்பா என்ற, நூற்றாண்டுகள் பழைய ஜப்பானிய அலங்கார ஓவிய மரபை ஊன்றிப் படித்தார். மலைகளையும் ஆடைகளையும் தட்டையான பெரிய நிறத்திட்டுகளாக அவர் வரைந்தவை இன்று பார்த்தாலும் நேற்று வரைந்தவை போல இருக்கின்றன. அரக்கு, பீங்கான், நெசவு எல்லாவற்றுக்கும் அவர் வடிவம் வரைந்து கொடுத்தார்.

மிங்கெய் இயக்கம் இந்த மேற்கத்திய மோகத்துக்கு எதிர்ப்பா வந்ததுதானே?

மிங்கெய் என்றால் மக்கள் கைவினை. எதிர்ப்பு என்ற பகுதி சரி. இந்த இயக்கத்தைத் தொடங்கிய யனாகி சொயெத்சு 1920-களில் சொன்னது இது: கண்காட்சிப் பரிசுக்காகச் செய்த சாடியைவிட, பெயர் தெரியாத குயவர் தினப்புழக்கத்துக்குச் செய்த கிண்ணம் அழகு. கோசானின் நண்டுக் கிண்ணம் அவர் கண்ணில் தேறியிருக்காது. கொரியப் பாண்டங்கள் அவரை உலுக்கின. ஜப்பானின் ஆட்சியில் கொரியா இருந்த காலத்தில் அந்த மக்களின் கைவினைக்காக அவர் குரல் கொடுத்தார். 1936-ல் டோக்கியோவின் கொமபாவில் மக்கள் கைவினை அருங்காட்சியகத்தைத் திறந்தார்.

ஆனால் தொழிற்சாலைக்கு எதிராகக் கைவினையை நிறுத்தும் ரஸ்கின், வில்லியம் மோரிஸ் ஆகிய ஆங்கிலேயச் சிந்தனையாளர்களின் எண்ணங்கள் அதற்குள் ஜப்பானில் பரவியிருந்தன. யனாகியின் நெருங்கிய நண்பர் பெர்னார்ட் லீச் ஆங்கிலேயக் குயவர்; 1909-ல் ஜப்பான் வந்து அங்கேதான் மட்பாண்டம் கற்றார். 1920-ல் லீச்சோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸுக்குப் போய்ச் சூளை கட்டிய ஹமாதா ஷோஜி, திரும்பிவந்து மஷிகோ கிராமத்தில் குடியேறினார். அதுவரை அது குழம்புச் சட்டியும் தண்ணீர்ச் சாடியும் செய்யும் ஊர். எதிர்ப்புக்கும் பாதிச் சொற்கள் வெளியிலிருந்துதான் வந்தன. அதனால் யனாகி சொன்னது பொய்யாகிவிடாது.

அப்படின்னா எதைத்தான் பாரம்பரியம்னு நம்புறது? கடையில முத்திரை ஒட்டி விக்கிறாங்களே?

அந்த முத்திரை 1974 சட்டத்தின்படி வருவது. அன்றாட வாழ்வில் பயன்பட வேண்டும், முக்கியமான வேலை கையால் நடக்க வேண்டும், பழைய முறையும் மூலப்பொருளும் தொடர வேண்டும், குறிப்பிட்ட வட்டாரத்தில் ஓரளவு பேராவது செய்ய வேண்டும். "பழைய" என்பதற்கு நடைமுறையில் வைத்திருக்கும் அளவு 100 ஆண்டு.

அந்த அளவுகோலில் ஜக்கார்டில் நெய்த நிஷிஜினும் உண்டு, ஷிப்போவும் உண்டு. எடோ கிரிகோ கண்ணாடியும் உண்டு. 1881-ல் ஷினகாவா கண்ணாடி ஆலைக்கு வந்த ஹாப்ட்மன் என்ற ஆங்கிலேயர் வெட்டும் நுட்பத்தைக் கற்றுத்தந்த தொழில் அது. 2002-ல் அதற்கு நாட்டளவிலான அங்கீகாரம் கிடைத்தது. கடையில் வாங்கும்போது "இது கலப்படமில்லாததா?" என்று கேட்பதைவிட, எந்த வேலை கையால் நடந்தது, எந்த ஊரில், யார் பட்டறையில் என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இதையெல்லாம் நேர்ல பார்க்கணும்னா எங்கே போகணும்?

கியோட்டோ போனால் கியோமிசு கோயிலுக்கு ஏறும் வழியில் சன்னென்சகா அருங்காட்சியகம். மெய்ஜி கைவினைக்கு ஜப்பானில் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. நமிகாவா யசுயுகியின் வீடும் பட்டறையும் அதே ஊரில் அருங்காட்சியகமாக இருக்கின்றன. கோவுனின் குரங்கும் கோசானின் நண்டுகளும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். சுசுகியின் பருந்துகள் கனசாவாவில் உள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்துக்கு. எல்லாவற்றையும் எப்போதும் வெளியே வைக்க மாட்டார்கள், போகும் முன் காட்சிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டன் பக்கம் போகிறவர்கள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜப்பான் பிரிவுக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கலாம். விற்பதற்காகச் செய்தவை என்பதால் இவற்றில் சிறந்தவை பல வெளிநாடுகளிலேயே தங்கிவிட்டன.